முழங்கால் அளவுத் தண்ணீர்

வாசிக்கப் போகிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறிய சாம்பல் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் நின்று யோசிப்பேன். யோசித்துவிட்டுப் பிழையாகவே எழுதுவேன். எங்கள் வாசிகசாலைச் செயலாளர் தம்பி, "பிழையை நான் திருத்துறன் அண்ணை, குளத்திலை நடந்ததை நீங்கள் எழுதித் தாங்கோ, ஆண்டு மலரிலை போடுவம்" என்று சொல்லி ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் தந்துவிட்டுப் போனார். அவற்றில் ஒரு பேனை அடித்துத் திருத்தியதிலேயே முடிந்துவிட்டது.

எனக்குத் தொழில் கிணறு வெட்டுவதும் பழைய கிணறுகளை இறைத்துச் சேறு எடுப்பதும். அதனால் தண்ணீரைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும். ஆட்களோடு கதைக்கத் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் நாக்கு உள்ளே போய்ப் படுத்துவிடும். கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் ஒருவரும் கதை கேட்கமாட்டார்கள் என்பதால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேனோ என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவானுக்குப் போகிற பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எங்கள் குளம் ஒரு வெளி மாதிரித்தான் தெரியும். மண்கும்பான் பக்கம் றோட்டை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால்தான் அது குளம் என்று விளங்கும். நல்ல மாரியிலும் நடுக்குளத்தில் நின்றால் தண்ணீர் இடுப்புக்குத்தான் வரும். ஓரம் முழுவதும் முழங்கால். ஆடி பிறந்தால் நிலம் வெடித்து, நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு ஈரம் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் சுற்றிவரக் கடலும் உப்புக் களப்பும் கிடக்கிற தீவில் அது நல்ல தண்ணீர். குளக்கட்டின் ஓரத்தில் உள்ள துரவில், ஆழமில்லாத அந்தத் திறந்த கிடங்கில், கோடையிலும் கையால் அள்ளிக் குடிக்கலாம். கடற்கரைச் சனம் குடிதண்ணீர் எடுப்பது அங்கேதான்.

பறவைகளுக்கும் அந்த முழங்கால் தண்ணீர்தான் வேண்டும். நெடுங்கால் உள்ளான் நடந்து நடந்து பூச்சி பொறுக்குகிற சாதி. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டால் அதற்கு வேலை இல்லை. கிளுவைத் தாராக்கள் தலையைக் கீழே விட்டு வாலை மேலே நீட்டிக்கொண்டு அடிச்சேற்றைக் கொறிக்கும். கழுத்து எட்டாத ஆழம் என்றால் பட்டினி. கரண்டிவாயன் வாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி, முற்றம் கூட்டுகிற மாதிரிப் போகும். மண்டைதீவுப் பக்கம் களப்பில் நிற்கிற பூநாரைகளை மட்டும் எங்கள் குளத்தில் காணமுடியாது. அவை உப்பை விரும்புகிறவை. மற்றவை எல்லாம் வரும். பனி விழுகிற நாடுகளில் இருந்து வருகின்றன என்று செயலாளர் தம்பி சொல்வார். எங்கள் ஊர்ச் சனத்தில் பாதியும் அந்த நாடுகளில்தான் இருக்கிறது. சனம் ஆடியில் வரும், பறவை ஐப்பசியில் வரும்.

போன ஆடியில் பிரான்சில் இருந்து ஓர் அண்ணை வந்தார். எங்கள் ஊர்தான். நல்ல மனிதர். வந்த மறுநாள் குளத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாராம். இருக்காதா? கோழி உரித்த குப்பையும் பிளாஸ்டிக் பைகளும் ஒரு கரையில் குவிந்து கிடந்தன. வீட்டு வளவு நிரப்புவதற்கு உழவு இயந்திரங்கள் களிமண்ணை அள்ளிக்கொண்டு போய் இன்னொரு கரையைப் பல்லு விழுந்த வாய் மாதிரி ஆக்கியிருந்தன. தண்ணீர் ஏற்றி விற்கிற பவுசர் லொறிகள் பங்குனியிலேயே குழாயைப் போட்டு உறிஞ்சத் தொடங்கிவிடும். பறவைகள் கிளம்புவதற்கு முன்பே குளம் கிளம்பிவிடும். களப்புப் பக்கத்து அணை கரைந்து, பறுவத்துக்கு, முழுநிலவில், கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் நாக்கை நீட்டி உள்ளே நக்கிவிட்டுப் போகும்.

அண்ணை வாசிகசாலையில் எல்லோரையும் கூப்பிட்டு, செலவு முழுவதும் தன்னுடையது என்றார். "பெக்கோ பிடிச்சு நல்ல ஆழமா வெட்டுவம். ரெண்டாள் ஆழம். வருசம் முழுக்கத் தண்ணி நிக்கும். சின்னப் பிள்ளையளுக்குத் தண்ணிக்குள்ளை ஓட ஒரு போட்டும் விடலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பெக்கோ என்றால் மண் வெட்டுகிற பெரிய இயந்திரம். வன்னிப் பெருநிலத்தில் குளங்களை அப்படித்தான் ஆழமாக்குகிறார்கள் என்று பலரும் பார்த்திருக்கிறார்கள். நான் வழக்கம்போல வாசிகசாலைக்குப் பின்னால் அடுப்படியில் தேநீர் வைத்துக்கொண்டு நின்றேன். கூட்டம் என்றால் எனக்கு அந்த இடம்தான். ஜன்னலால் கேட்டதும் என் கையில் இருந்த தேயிலைப் பேணி நழுவிவிட்டது.

ஏனென்றால் எங்கள் நிலத்தின் கணக்கு வேறு. பெய்கிற மழைத் தண்ணீர் கீழே கிடக்கிற கடலுக்கு மேலே, பாலுக்கு மேல் ஆடை மாதிரி மிதந்துகொண்டு இருக்கிறது. எங்கள் குளத்துக்கு அடியில் உள்ள களிமண்தான் அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அதைக் குத்தினால் உப்பு மேலே வரும். வந்தால் திரும்பிப் போகாது. வன்னியில் ஆழம் கூடினால் தண்ணீர் கூடும். தீவில் ஆழம் கூடினால் கடல் கூடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அதுதான் பிரச்சினை. ஒரு நல்ல கிணற்றை நானே கெடுத்திருக்கிறேன்.

சண்டையில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து குடியேறிய காலம். எனக்கு முப்பது வயதும் இல்லை. கடற்கரையில் ஓர் அக்காவின் வீட்டில் கிணறு வெட்டினேன். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் கடலுக்குப் போகிறவர், அவர் பிடித்து வருவதை அக்கா வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பார். ஒன்பது முழத்தில் நல்ல தண்ணீர் கண்டது. இளநீர் மாதிரித் தண்ணீர். அன்றைக்கு மத்தியானம் அக்கா எனக்குச் சோறும் ஒட்டி மீன் குழம்பும் தந்தார். அப்படி ஒரு குழம்பை நான் அதற்கு முன் தின்றதில்லை. வயிறும் மனமும் நிறைந்து, இந்த மனிசிக்கு ஏதாவது கூடச் செய்யவேண்டும் என்று தோன்றியது. கோடைக்கும் வற்றாமல் இருக்கட்டும் என்று, சொல்லாமலே இன்னொரு முழம் வெட்டினேன். அலவாங்கு, அந்த இரும்புப் பாரை, ஓர் இடத்தில் பொறுக்கென்று இறங்கியது. அதற்குள்ளால் தண்ணீர் வேகமாக வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதத்தில் அந்தக் கிணறு உப்பாகிவிட்டது. அந்த வருடம் மழை குறைவு. "மழை இல்லாமல் போச்சுது, என்ன செய்யிறது" என்று அக்கா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா குடத்தோடு துரவுக்கு நடந்தார். பிறகு சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு போனார். இருபது வருடங்களுக்கு மேல். அவர் மீன் பெட்டியோடு எங்கள் ஒழுங்கைக்கு வரும்போதெல்லாம் நான் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய் விறகு அடுக்குவேன். அடுக்கிய விறகையே திரும்ப அடுக்குவேன்.

அந்தக் கூட்டம் முடிந்த பிறகு செயலாளர் தம்பியைத் தனியாகப் பிடித்தேன். அவர் ரியூசன் வகுப்பில் படிப்பிக்கிற பிள்ளை, பொறுமையாகக் கேட்பார்.

"தம்பி, குளத்தை ஆழமா வெட்டினால் உப்பு வரும்."

"எப்பிடி அண்ணை? ஆழமா வெட்டினால் மழைத் தண்ணி கூடத்தானே நிக்கும்?"

"கீழை உப்பு கிடக்கு."

"எங்கையாவது அப்பிடி நடந்து பாத்தனீங்களோ?"

என் கண்ணுக்குள் அக்காவின் கிணறு வந்து நின்றது. "இல்லை, சும்மா சொன்னனான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்கு அடுத்த நாள் பெக்கோ வருகிறது. எனக்குக் கிடைத்தது ஆறு நாள்.

மூன்றாம் நாள் நான் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து மனைவி மண்வெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "சோறுதான் இறங்கேல்லை. வாங்கோ, உங்களுக்குத் தெரிஞ்சதைச் செய்வம். கிண்டிப் பாப்பம்" என்றாள். அலவாங்கு, மண்வெட்டி, கடகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் வெடித்துக் கிடந்த குளத்துக்குள் இறங்கினோம். பின்னேரம். நடு ஈரத்தில் நாலைந்து கொக்குகள் மட்டும் நின்றன. ஓர் ஆட்காட்டிக் குருவி எங்களைக் கண்டதும் ஊரைக் கூட்டத் தொடங்கிவிட்டது. "இவர் இண்டைக்கு வெட்டப் போறார் எண்டு அதுக்கும் தெரிஞ்சிட்டுது" என்றாள் மனைவி.

முழங்கால் ஆழம் வரைக்கும் கறுத்தக் களி. மண்வெட்டியில் ஒட்டினால் விடாது. இடுப்பளவு வந்தபோது சுவரில் வியர்வை மாதிரித் தண்ணீர் துளிர்த்தது. கலங்கல். கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர். மனைவியும் குடித்துப் பார்த்து, "எங்கடை கிணத்துத் தண்ணியை விடத் திறம்" என்றாள். இன்னும் வெட்டினேன். நெஞ்சளவில் களி முடிந்து வெள்ளை மணல் வந்தது, சின்னச் சின்னச் சிப்பித் தூளோடு. மண்வெட்டி பட்டதும் தண்ணீர் குடுகுடுவென்று வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவு. உப்புத் தண்ணீர் எப்போதும் அழகாகத்தான் வரும். மனைவி ஒரு வாய் அள்ளிவிட்டு அப்படியே துப்பினாள்.

கிடங்குக்குள் நின்றபடியே அவளுக்கு அக்காவின் கிணற்றுக் கதையைச் சொன்னேன். நெஞ்சு வரை மண்ணுக்குள் நின்றதால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அவள் கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். பிறகு, "அப்ப இவ்வளவு வருசமா அக்கா வரேக்கை கோடிக்குள்ளை ஓடினது இதுக்கோ? நான் நினைச்சன் மீன் மணம் பிடிக்காதாக்கும் எண்டு" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எழும்பிச் சொல்லுங்கோ."

"ஏலாது."

"செயலாளர் தம்பிக்கு?"

"அதுவும் ஏலாது."

அவள் தெளிந்த தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. உங்களுக்கு வாய் வராது. தேத்தண்ணிக் கேத்தில் வரும்தானே?" என்றாள்.

இரண்டு கான் நிறைய அந்தத் தண்ணீரை எடுத்தோம். பிறகு மணலை மூடி, அதன் மேல் களியைப் போட்டு, மாடு மிதிக்கிற மாதிரி இருவரும் மிதித்து மிதித்து இறுக்கினோம். அந்த வாயைத் திறந்து விட்டுப் போகக்கூடாது. அவள் பாவாடையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு களி மிதித்ததைப் பார்த்து எனக்கு அந்தக் கவலையிலும் கலியாணம் கட்டிய வருடம் ஞாபகம் வந்தது. அதை எல்லாம் மலரில் போடுவார்களோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலை நிறையச் சனம். நான் பின்னால் கேத்திலை வைத்தேன். அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டதும் சாயம் தார் மாதிரிக் கறுத்துவிட்டது. சீனியை அள்ளிப் போட்டேன். மனைவிதான் தட்டத்தில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இப்போது எல்லோரும் முகம் சுளிப்பார்கள், என்ன இது என்று கேட்பார்கள், மனைவி சொல்லிவிடுவாள், முடிந்தது என்று நினைத்தேன்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சனம் அப்படி. வெளிநாட்டால் வந்த ஆள் முன்னால் இருக்கும்போது, ஊர்த் தேநீரைக் குறை சொல்வார்களா? ஒருவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸுக்குள் உற்றுப் பார்த்தார். இன்னொருவர் மூச்சைப் பிடித்து முழுவதையும் மருந்து மாதிரி விழுங்கினார். செயலாளர் தம்பி தன் கிளாஸை மெதுவாகக் கதிரைக்குக் கீழே வைத்தார். பிரான்ஸ் அண்ணை மட்டும் கண்ணை மூடி ரசித்துக் குடித்தார்.

"இதுதான் எங்கடை மண்ணின்ரை ருசி. பாரிசிலை முப்பது வருசமா இந்தத் தேத்தண்ணியைத்தான் தேடிக்கொண்டிருந்தனான். தங்கச்சி, இன்னொண்டு கிடைக்குமோ?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னொன்று ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவர் அதையும் குடித்துக்கொண்டே, நாளைக்குக் காலை பெக்கோ வருகிறது, முதல் மண்ணை யார் அள்ளுவது என்று கதைக்கத் தொடங்கிவிட்டார். கேத்திலில் அரைவாசி மிச்சம் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மீன்கார அக்கா வந்தார். வெறும் மீன் பெட்டியை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, "துரவுத் தண்ணி குடிக்கிறது நாங்கள், கூட்டம் வைக்கிறது நீங்களோ?" என்று சொல்லிக்கொண்டே முன் வாங்கில் இருந்தார். மனைவி அவருக்கும் ஒரு கிளாஸைக் கொடுத்தாள். அக்கா ஒரு வாய் குடித்தார். வாய்க்குள் வைத்துக்கொண்டே எழும்பி வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"உதென்ன கோதாரி? ஆர் தேத்தண்ணி வைச்சது? கேத்திலைக் கடலுக்குள்ளை முக்கி எடுத்தனியளோ?"

ஒருவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். அதோடு எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது. "நானும் அப்பவே நினைச்சனான்" என்றார் ஒருவர். "சீனி வருத்தக்காரனுக்கும் பிரஷர்காரனுக்கும் ஒரே கிளாசிலை மருந்து வைச்சிருக்கினம்" என்றார் மூச்சைப் பிடித்துக் குடித்தவர். பிரான்ஸ் அண்ணை கையில் இருந்த இரண்டாவது கிளாஸைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தானும் சிரிக்கத் தொடங்கினார்.

"ஆர் வைச்சது எண்டு கேட்டனான்" என்றார் அக்கா.

மனைவி சொல்லியிருக்கலாம். ஆனால் தட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வாசலுக்கு வந்தேன். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் அக்காவின் மீன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நான்தான். குளத்துத் தண்ணி அது. நடுக்குளத்திலை நெஞ்சளவு கிண்டி எடுத்தனான். அதுக்கு மேலை இடுப்பளவிலை நல்ல தண்ணி. ரெண்டாள் ஆழம் வெட்டினால் குளம் முழுக்க இந்தத் தேத்தண்ணிதான்."

செயலாளர் தம்பிதான் கேட்டார். "அண்ணை, உப்பு வந்தால் வரட்டும், பிறகு மாரித் தண்ணி வந்து கழுவிப் போடாதோ?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"கழுவாது தம்பி. அக்கான்ரை கிணத்தை இருபது மாரி கழுவேல்லை. அது மழை இல்லாமல் உப்பாகேல்லை அக்கா. ஒன்பது முழத்திலை நல்ல தண்ணி. நான் உங்களுக்குச் சொல்லாமல் ஒரு முழம் கூட வெட்டினனான்."

சொல்லிவிட்டு நின்றேன். அக்கா வாங்கால் எழும்பி எனக்கு முன்னால் வந்தார். அவருடைய முகத்தில் கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏனடா வெட்டினனி?"

"நீங்கள் தந்த ஒட்டிக் குழம்பு நல்லா இருந்தது அக்கா. கோடைக்கும் வத்தாமல் இருக்கட்டும் எண்டு."

அக்காவின் வாய் கோணியது. "அறுவானே" என்றார். "அப்ப இருபது வருசமா நான் மாதாவிட்டை மழை கேட்டது வீணோ? மாதா என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பா? மழையும் தந்து பாத்திருக்கிறா, தந்து பாத்திருக்கிறா, இவள் அடங்கிறாள் இல்லை எண்டு." வாசிகசாலையே சிரித்தது. அக்காவும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தத் துடைப்பில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பிறகு கையை நீட்டித் தீர்ப்புச் சொன்னார். "எனக்கு முழங்கால் ஏலாது. இனித் துரவுத் தண்ணி என்ரை வீட்டுக்கு விடியக் காலமை நீதான் கொண்டு வாறது. நான் சாகும் வரைக்கும். சரியோ?"

"ஓம் அக்கா."

"குழம்பு இனி இல்லை. நல்லாச் சமைச்சுத் தந்தால் இந்த மனிசன் இன்னும் எதை வெட்டுமோ தெரியாது."

பிரான்ஸ் அண்ணை எழும்பினார். கிளாஸ் இன்னும் கையில்தான் இருந்தது. "நான் செய்ய நினைச்சதும் அந்த ஒரு முழ வேலைதான் போல கிடக்கு" என்றார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. ஆனால் கோபிக்கவில்லை. அப்படியானால் குளத்துக்கு என்னதான் செய்வது என்று என்னிடமே கேட்டார். மனைவி முழங்கையால் இடித்தாள். அணையைக் கட்டினால் போதும், குளத்தைத் தொடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மற்றதை அவர்களே கதைத்து முடித்தார்கள்.

அடுத்த நாள் பெக்கோ வந்தது. குளத்துக்குள் இறங்கவில்லை. களப்புப் பக்கத்து அணையை உயர்த்தி, மழை வெள்ளம் வருகிற வாய்க்காலைத் துப்புரவு செய்தது. உழவு இயந்திரங்கள் அள்ளிய பள்ளங்களைக் களி போட்டு மூடியது. குப்பையை நாங்கள் கையால் எடுத்தோம். ஊரே இறங்கியது. ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு முழுக் கதிரை, கணக்கில்லாத போத்தல்கள், இடதுகால் செருப்புகள் எல்லாம் வந்தன. வலதுகால் செருப்பு ஒன்றுகூட வரவில்லை. "ஒற்றைக் காலாலை நடக்கிற ஊரடா எங்கடை" என்றார் பிரான்ஸ் அண்ணை. அவர் முழங்கால் வரை சேற்றில் நின்று, தன் வெள்ளைக் காற்சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் சந்தோசமாக இருந்தார். பவுசர்காரர்களோடும் கதைத்துக் குளத்துக்குள் ஒரு கல் நட்டார்கள். தண்ணீர் அந்தக் கல்லின் அடிக்கு இறங்கினால் குழாய் போடக்கூடாது. மிச்சம் பறவைக்கும் மாட்டுக்கும். இன்னும் ஒரு பவுசர்காரர் கள்ளமாக வந்து பார்க்கிறார்; அக்கா அவரை வைகிற வைதலை நான் எழுதினால் செயலாளர் தம்பி வெட்டிவிடுவார்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை வெயில் எறித்தபோது குளம் நிறைந்து கிடந்தது. நானும் மனைவியும் இறங்கி அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் நின்று நாக்கில் வைத்துப் பார்த்தோம். நல்ல தண்ணீர்.

இப்போது விடியற்காலையில் துரவில் இரண்டு கான் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குளக்கட்டால் போகிறேன். கான் குலுங்கும் என்பதால் மெதுவாகத்தான் போகவேண்டும். மெதுவாகப் போனால் எல்லாம் தெரியும். கிளுவைகள் முந்நூறு நானூறு இருக்கும், வாலை மேலே தூக்கிக்கொண்டு. நான் கிட்டப் போனாலும் எழும்புவதில்லை. சைக்கிள் கிரீச்சிடுகிற சத்தம் அவற்றுக்குப் பழகிவிட்டது. கரண்டிவாயன்கள் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகும். நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி, பெருநாளுக்குப் புதுச் சப்பாத்து போட்ட பிள்ளைகள் மாதிரி நடக்கும். சில நாள் செயலாளர் தம்பியும் வருவார். தொலைபேசித் திரையில் பிரான்ஸ் அண்ணையைப் பிடித்து என்னிடம் தருவார். அங்கே அப்போது இருட்டு, பனி, அண்ணை போர்வைக்குள் இருந்துகொண்டு, "தம்பி, கொஞ்சம் இடப்பக்கம் திருப்பும். அந்தா அந்தக் கூட்டம்" என்பார். என் முகம் தெரியாமல் பறவை மட்டும் தெரிகிற மாதிரிப் பிடிப்பேன். அவருக்கும் அதுதான் வேண்டும்.

அக்கா வாசலில் காத்திருப்பார். கானை இறக்கியதும் ஒரு பேணியில் வார்த்து, ஒவ்வொரு நாளும் என் முன்னால் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. பிறகு, "பறவையள் என்ன மாதிரி?" என்று கேட்பார். நான் சொல்வேன். முன்பு யாரும் கேட்டால் இரண்டு சொல்லோடு நிறுத்துகிறவன், அக்காவின் வாசலில் நின்று எந்தக் கூட்டம் எந்தக் கரைக்கு மாறியது, புதிதாக எது வந்தது என்று பத்து நிமிடம் கதைக்கிறேன். அக்காவின் பழைய கிணற்றைக் கீழே ஒரு முழம் களி போட்டு இறுக்கிப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். பலிக்குமோ தெரியாது. "செய்து பாரும், ஆனால் என்னட்டைச் சொல்லிப்போட்டுச் செய்யும்" என்றார்.

இன்று காலை வெறுங்கான்களைத் திரும்பச் சைக்கிளில் கட்டும்போது அக்கா கையில் ஒரு சட்டியைத் தந்தார். துணியால் மூடிக் கட்டியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தோம். ஒட்டிக் குழம்பு. மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு இதை எழுதி முடித்தேன்.

2025 மாசி மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.